பச்சை அட்டைக் கூண்டுகள்

ஜனவரி 12, ஞாயிறு

என்னை விட்டுப் போகும்போது பொற்கொடி சொன்ன கடைசிக் குறை, நான் யாரிடமும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது. போய் ஒரு வருஷம் ஆகிறது. சரி, இதிலாவது சொல்லிப் பார்ப்போம் என்று இந்த நோட்டை வாங்கினேன். காகிதம் குறுக்கே பேசாது என்பது ஒரு சௌகரியம்.

இன்று மகள் நறுமுகை போனில் பேசினாள். எங்கள் ஏற்பாடு இப்படி: ஞாயிறு காலை பொற்கொடி திருச்சியிலிருந்து நம்பரைப் போட்டு, பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. வீடியோ கிடையாது. முதலில் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். குரல் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. இப்படிப் பேசிப் பழகினால் மே மாத விடுமுறை முழுக்க அவளை என்னிடம் அனுப்புவதாகப் பொற்கொடி வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆக, மே வரைக்கும் எனக்கு ஒரே வேலை, ஞாயிறுதோறும் ஒழுங்காகப் பேசுவது. நாற்பத்து மூன்று வயதில் எனக்குப் பேச்சுப் பரீட்சை.

மேல்பல் ஆடுகிறதாம். அதை ஆட்டி ஆட்டி வகுப்பில் திட்டு வாங்கினாளாம். எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. அதில் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் லீவு முடிந்து முதல் ஊசி போட்டோம். வேலையைப் பற்றி ஒருமுறை எழுதி வைக்கிறேன், பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டுமே.

நான் இருப்பது கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு ஆராய்ச்சிக் கூடம். கினிப்பன்றிகளின் செவித்திறனைச் சோதிப்பது என் உத்தியோகம். உடம்புக்குள் நோய் எதிர்ப்புப் படை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது சில பேருக்குப் புத்தி பிசகி, சொந்த உட்காதையே எதிரி என்று நினைத்து அடிக்கத் தொடங்கும். முதலில் ஒரு காது, பிறகு மற்றது. சில வாரங்களில் இரண்டும் போய்விடலாம். மனிதர்களுக்கு அபூர்வமாக வருவதை நாங்கள் கினிப்பன்றிகளுக்கு வேண்டுமென்றே வரவைக்கிறோம். மாட்டின் உட்காதிலிருந்து எடுத்த புரதத்தை ஊசியில் ஏற்றினால் போதும். அந்தக் கூண்டுகளுக்குச் சிவப்பு அட்டை. வெறும் எண்ணெய்க் கலவை மட்டும் போட்ட கூண்டுகளுக்குப் பச்சை அட்டை. பச்சைக்கு ஒன்றும் வரக்கூடாது. சிவப்பில் பாதிக்குக் காது இறங்கத் தொடங்கிய உடனே ஸ்டீராய்டு கொடுப்போம், மீதிக்குத் தாமதமாக. எவ்வளவு காலம் சும்மா இருந்தால் மருந்து பயன்படாமல் போகும் என்பதுதான் எங்கள் கேள்வி.

கூண்டு கழுவித் தீனி வைக்கும் செல்லாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தார். "ஏனுங்க சார், ஒண்ணுமே பண்ணாத சீவனுங்க. பாவமில்லீங்களா?" என்றார். பாவம்தான் என்றேன். அப்புறம் அடுத்ததைத் தூக்கிக் கொடுத்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் குதிரைமசால் தழைக் கட்டு வந்த பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், அத்தனை கினிப்பன்றியும் தலையைத் தூக்கி விசில் அடிக்கும். கதவுக்கு வெளியே நிற்கும்போதே கேட்கும். எந்தக் கூண்டு கூவியது, எது கூவவில்லை என்று தினமும் நான் தனியாகக் குறித்து வைக்கிறேன். காது கேட்டால்தானே பை சத்தத்துக்குக் கூவும். திட்டத்தில் இது கிடையாது, என் சொந்தச் சேர்க்கை.

எங்கள் தலைவி டாக்டர் வைதேகி அதைப் பார்த்துச் சிரித்தார். "நாயகம், அவ்வளவு விலை கொடுத்து மெஷின் வாங்கி வெச்சிருக்கோம். இது எதுக்கு? அதுங்க உங்களைக் கூப்பிடுறது உங்களுக்குப் பிடிச்சிருக்கு, ஒத்துக்கோங்க."

ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் உள்ளே வருவதற்கு இவ்வளவு சந்தோஷப்படும் வேறு யாரும் எனக்கு இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

திருச்சியில் டவர் படுமோசம். பாதிக்கு மேல் கேட்கவில்லை. உம், உம் என்று சமாளித்தேன். இடது கையில் எழுதுகிறவன் என்பதால் போன் எப்போதும் வலது காதில்தான் இருக்கும். அந்தக் காதில் இரண்டு நாளாக, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுவது போல ஒரு இரைச்சல். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

இந்த ஊரில் எல்லோருக்கும் என்ன வந்தது என்று தெரியவில்லை. வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். கேன்டீன்காரர் முணுமுணுக்கிறார், வைதேகி மேடம் இன்டர்காமில் முணுமுணுக்கிறார். வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்ன.

மதியம் செல்லாத்தாள் முன்னால் வந்து நின்று, "ஏனுங்க சார், காத்தாலருந்து நாலு வாட்டி கூப்பிட்டுட்டனுங்க. எம்மேல ஏதும் கோவமுங்களா?" என்றார். கோபம் ஒன்றும் இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

காதில் அழுக்கு இருக்கும். சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

சிவப்பு அட்டைகள் எதிர்பார்த்தபடி இறங்குகின்றன. மயக்க மருந்து கொடுத்து, தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து, குழாய் வழியாகக் காதுக்குள் 'டிக் டிக்' சத்தம் அனுப்பினால் திரையில் அலை எழும். அலை இல்லையென்றால் காது இல்லை. உடனே ஸ்டீராய்டு கொடுத்தவற்றுக்கு அலை திரும்பி வருகிறது. தாமதமாகக் கொடுக்கப்போகும் கூட்டத்துக்கு இப்போதே திரை தட்டையாகிக்கொண்டிருக்கிறது.

கல்லூரியிலிருந்து மாணவர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு நான்தான் விளக்கினேன். உள்ளே இருக்கும் மெல்லிய ரோம உயிரணுக்கள் ஒருமுறை செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது, அதனால் முதல் அறிகுறியிலேயே ஓடிப்போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் ஏதோ கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லி அடுத்த அறைக்கு அழைத்துப் போனேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நறுமுகை பேசவில்லை.

போன் வந்தது. எடுத்தேன். "பாப்பா" என்றேன். பதில் இல்லை. பல் விழுந்திச்சா, பரீட்சை எப்படி என்று வரிசையாகக் கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை, மிக்சி இரைச்சல்தான். இணைப்பு அறுபடவும் இல்லை, திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். நானே கினிப்பன்றிக் கதை, கேன்டீன் கதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்து வைத்துவிட்டேன். பிறகு துணி துவைத்தேன்.

அம்மாவீட்டில் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வலது பக்கம் புரண்டால் தலை சுற்றுகிறது. பித்தமாக இருக்கும், எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றும் அதேதான். பேசு பாப்பா என்று கெஞ்சினேன். எங்க ஊர்ப் பேச்சில், ஏட்டி, அப்பாட்ட ஒரு வார்த்தை சொல்லுட்டி என்று கொஞ்சிப் பார்த்தேன். கல் மாதிரி நிற்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பேசப் பிரியம் இல்லன்னா இனிமே கூப்பிடாத" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில் பொற்கொடியிடமிருந்து மெசேஜ் வந்தது: "பிள்ளைகிட்டப் பேசற பேச்சா இது. இனி கூப்பிட மாட்டோம்."

பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். பேசாதவள் அவள், குற்றவாளி நான். அவளுக்கென்று ஒன்றாம் தேதி வாங்கிய சின்னக் கட்டிலைப் பின்னறையில் பார்சல் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். இன்று அந்த அறைக்குப் போகவில்லை.

மார்ச் 3, திங்கள்

பச்சை அட்டைக் கூண்டுகள் கூவவில்லை.

முதலில் ஓரத்துக் கூண்டு இரண்டும்தான் என்று நினைத்தேன். இன்று ஒன்றுகூடக் கூவவில்லை. பையை என் கையாலேயே கசக்கினேன். தலையைத் தூக்கிப் பார்க்கின்றன, சத்தமே இல்லை. ஊசி மாறிப் போயிருக்கலாம், அல்லது அறைக்குள் ஏதோ தொற்று. எதுவாக இருந்தாலும் ஒப்பிட ஆரோக்கியமான கூட்டம் இல்லையென்றால் மொத்த ஆராய்ச்சியும் குப்பை. மேடத்திடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

மார்ச் 5, புதன்

நேற்று பச்சை அட்டைகள் எல்லாவற்றையும் மெஷினில் வைத்துப் பார்த்தேன். அத்தனைக்கும் அழகான அலை வருகிறது. ஆகவே மெஷின் கெட்டுவிட்டது. இன்று பெங்களூரிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் காட்டினார். எத்தனையோ வருஷமாக இந்த மிருகங்களோடு இருக்கிறேன், எனக்கா தெரியாது என்று சண்டை போட்டேன். கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போல, மேடம் வந்து கையமர்த்தினார்.

மார்ச் 7, வெள்ளி

மேடம் என் வார்த்தையைத்தான் நம்பினார். "மெஷினைவிட நாயகம் சொன்னா சரியா இருக்கும்" என்று கூட்டத்தில் சொன்னாராம். பச்சைக் கூட்டத்தைத் திங்கட்கிழமை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று தீர்மானம். முடிப்பது என்றால் என்ன என்று எழுத வேண்டியதில்லை. அனுமதியில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

செல்லாத்தாள் வேகமாக வந்து, கூண்டுகளைக் காட்டிக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அந்த அறையில் ஏர் கூலர் இரைச்சல் ஜாஸ்தி. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

போன் வராது என்று தெரியும். ஆனாலும் காலையில் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. நாளைக்குச் சாகப்போகிறவற்றுக்கு இன்று நானே தீனி வைப்போம் என்று லேபுக்குக் கிளம்பினேன்.

யாரும் இல்லை. பையைப் பிரித்தேன். வழக்கம்போல் தலையைத் தூக்கின, வழக்கம்போல் மௌனம். நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள பெட்டையைத் தூக்கி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மற்ற கையில் பை. பை அசைந்ததும் என் உள்ளங்கை அதிர்ந்தது. வயிறு ஒட்டி ஒட்டி விரிகிறது, தொண்டை துடிக்கிறது, முழு உடம்பும் கூவுகிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே விட்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் கூவியது. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்தேன். எல்லாம் கூவிக்கொண்டிருந்தன.

அப்புறம் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஊசிக்குப் பதில் ஒட்டுகிற எலெக்ட்ரோடுகளை என் காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் ஒட்டி, மெஷினை ஓடவிட்டேன். வலது காதுக்குத் திரை தட்டை. சத்தத்தை முழுசாக ஏற்றினேன், அப்போதும் தட்டை. இடது காதில் எழுபது டெசிபல் தாண்டித்தான் ஒரு சின்ன மேடு எழுந்தது. இந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இது சிவப்பு அட்டை. அதுவும் தாமதக் கூட்டம்.

சொட்டு மருந்து, எலுமிச்சம்பழம் என்று எழுதி வைத்த பக்கங்களைப் புரட்டவே வெட்கமாக இருக்கிறது.

காதை நினைத்துக்கூட அழவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அது புரிந்தது. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நறுமுகை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பேசிக்கொண்டிருந்த பிள்ளையை, பேச மாட்டேன் என்கிறாய் என்று திட்டியிருக்கிறேன். வாசலிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சத்தம் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

மேடத்திடம் என் காதின் படத்தை நீட்டினேன். பச்சைக் கூண்டுகளைத் தொட வேண்டாம், பழுது என்னிடம் என்றேன். அவர் பேசத் தொடங்கி, நிறுத்தி, ஒரு காகிதத்தில் எழுதினார்: "கிளம்புங்கள், நானே கார் ஓட்டுகிறேன்."

மருத்துவர் எனக்கு எழுதிக் காட்டியது எல்லாம் நான் மாணவர்களுக்குச் சொன்னதுதான். எப்போது தொடங்கியது என்று கேட்டார். இரண்டு வாரம் என்றேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, பிப்ரவரி முதல் வாரம் என்று திருத்திச் சொன்னேன். ஸ்டீராய்டு இன்றே ஆரம்பம். இடதுக்கு வாய்ப்பு உண்டாம். வலதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

செல்லாத்தாள் எனக்கு ஒரு தூக்குவாளி நிறையப் பச்சைப்பயறு கடைந்து கொண்டுவந்தார். கூண்டுகளைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டார். எதற்கு என்னைக் கும்பிட வேண்டும், கொல்லச் சொன்னவனே நான்தான்.

மார்ச் 15, சனி

மாத்திரையால் அகோரப் பசி. இட்லிப் பானையோடு சாப்பிடலாம் போலிருக்கிறது. அடுப்படி அலமாரி முழுவதையும் துடைத்து முடித்துவிட்டேன். அதற்குமேல் தள்ளிப்போட வேலை இல்லாததால் பொற்கொடிக்கு எழுதினேன். காது போய்விட்டது, அன்றைக்கு அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, தெரியாமல் திட்டிவிட்டேன் என்று.

"ரிப்போர்ட் அனுப்புங்க" என்று பதில் வந்தது. அனுப்பினேன். வெகுநேரம் கழித்து எழுதினாள்.

"மெட்ராஸ்ல டாக்டரா இருக்கிற எங்க சித்தப்பாகிட்ட காட்டினேன். உண்மைன்னு சொன்னார். மன்னிச்சிடுங்க. நான் கேட்டிருக்கணும்."

பிறகு இன்னொன்று: "அந்த ரெண்டு வாரமும் அவ உங்ககிட்ட ஒண்ணேதான் கேட்டிருக்கா. மே மாசம் வரைக்கும் முடியாது, இப்பவே வந்து கூட்டிட்டுப் போங்கப்பான்னு. அதுக்கு நீங்க இனிமே கூப்பிடாதன்னு சொல்லிட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டா."

பிறகு கடைசியாக: "காது கேக்கலைன்னு சொன்னேன். நம்பமாட்டேங்குறா. கேக்காதவங்க எப்படித் திட்டுவாங்க, அப்பா பொய் சொல்றாங்கன்னு சொல்றா. மே மாசம் அனுப்பறது அவ இஷ்டம். இப்ப வரமாட்டேங்குறா."

கேட்காதவர்கள் எப்படித் திட்டுவார்கள். என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சோதனை. வலது காது முடிந்தது. இடது காது கொஞ்சம் ஏறியிருக்கிறது. அமைதியான அறையில், பக்கத்தில் நின்று பேசினால் பிடிபடுகிறது. இதற்கு மேல் ஏறுமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார் மருத்துவர். அந்த ஒரு வார்த்தை எனக்குக் கேட்டது.

தாமதக் கூட்டத்தின் முடிவுகளை மேடம் தானே எழுதி முடித்துவிட்டார். என்னிடம் காட்டவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

திருச்சிக்குப் போனேன். இதை எழுதுவது திரும்பும் பஸ்ஸில், எழுத்து கோணலாக வருகிறது.

கதவைத் திறந்தது பொற்கொடி. இளைத்திருக்கிறாள். என் இடது பக்கம் வந்து நின்று, "வாங்க" என்று நிதானமாகச் சொன்னாள். நறுமுகை கூடத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மேல்பல் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. பாப்பா என்றேன். நிமிரவில்லை. உதடுகள் அசைகின்றனவா என்று உற்றுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தன. இந்தத் தடவை அவள் உண்மையாகவே பேசவில்லை. வரைந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொற்கொடி காப்பி போடப் போனாள். நான் கூடத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே பீரோ, அதில் ஆளுயரக் கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில், எனக்குப் பின்னால், உள்ளறை வாசலில் நறுமுகை வந்து நிற்பது தெரிந்தது. எனக்கு அவள் தெரிவது அவளுக்குத் தெரியவில்லை. என் முதுகைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. அப்பா.

என்ன செய்கிறாள் என்று சட்டென்று விளங்கிவிட்டது. நான் பொய் சொல்கிறேனா என்று சோதிக்கிறாள். நான் திரும்பினால், காது கேட்கிறது என்று ஆகிவிடும். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் கேட்டிருக்கிறது என்று ஆகிவிடும். மகள் கூப்பிடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, நான் பேப்பரைப் புரட்டினேன்.

இரண்டடி முன்னால் வந்தாள். அப்பா. மறுபடி இரண்டடி. அப்பா. முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. நாலாவது தடவை நாற்காலிக்கு நேர் பின்னால், இடது பக்கம் நின்று கூப்பிட்டாள். மூச்சுக்காற்று என் கழுத்தில் பட்டது. நான் பேப்பரில் ஒரு சிமென்ட் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கு ஓடினாள்.

பொற்கொடி காப்பியோடு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இடது காதருகே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "அப்பா பொய் சொல்லலைம்மா, நெசமாவே கேக்கலைன்னு சொல்றா. மே மாசம் வர்றாளாம். எழுதிக் காட்டறதுக்கு ஸ்லேட்டு வாங்கணுமாம்."

பிறகு அவளே வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். என் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பெரிசு பெரிசாகத் திறந்து பேசினாள். பஸ் ஏறும்வரை கையை விடவில்லை.

நாலாவது தடவை அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. இடது காதில், மெல்லிசாக, முழுசாக, அப்பா என்று கேட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்கும் அவள் குரல். திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். இதை அவளிடம் ஒருநாளும் சொல்லப்போவதில்லை.